வெண்கலக் கால அரண்மனைகள் சரிந்த கதையில் தொழில் செய்பவர்களுக்கு என்ன இருக்கிறது?

செப்புப்பாளம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பம்புசெட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறேன். கி.மு. 1200 வாக்கில் கிழக்கு மத்தியதரைக் கடலைச் சுற்றி நடந்த சரிவைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். கிரேக்கத்தில் மைசீனி, பைலோஸ் அரண்மனைகள், இன்றைய துருக்கியில் ஹிட்டைட் பேரரசின் தலைநகர் ஹட்டுசா, சிரியாக் கரையில் உகாரித் என்ற வணிக நகரம் எல்லாம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குள் எரிந்தன, அல்லது ஆளில்லாமல் போயின. எகிப்து மட்டும் தப்பியது, ஆனால் அடிபட்டுத் தப்பியது.

கொள்முதல் பார்ப்பவன் கண்ணில் முதலில் படுவது வெண்கலம். ஏறக்குறைய ஒன்பது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம். செம்பு சைப்ரஸில் தாராளம். வெள்ளீயம் அந்தப் பக்கத்தில் அரிது. துருக்கியின் தென்மேற்குக் கரையில், உலுபுருன் என்ற இடத்தில் மூழ்கிய கப்பல் ஒன்றை 1982-ல் கடற்பஞ்சு எடுக்கும் ஒருவர் கண்டுபிடித்தார். கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. அதில் சுமார் 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம். அந்த வெள்ளீயத்தில் மூன்றில் ஒரு பங்கு மத்திய ஆசியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2022-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சுமார் மூவாயிரம் கிலோமீட்டர்! அதே கப்பலில் பால்டிக் பக்கத்து அம்பர், ஆப்பிரிக்கக் கருங்காலி, கண்ணாடிப் பாளங்கள், மரப்பிசின் நிரம்பிய ஜாடிகள்.

இப்படி ஒரு சப்ளை செயினை ஓட்டியவர்கள் அரண்மனைக்காரர்கள். அந்த அரண்மனையைத்தான் நான் ஒரு கம்பெனியாகப் பார்க்கிறேன். கம்பளி கொடுக்கும், துணி வாங்கும். உலோகத்தை எடை போட்டுக் கொல்லனுக்குக் கொடுக்கும், ஈட்டிமுனையாகத் திருப்பி வாங்கும். எல்லாவற்றுக்கும் களிமண் பலகையில் கணக்கு. இவ்வளவு திறமையாக நடந்த இடம் ஏன் திரும்ப எழவே இல்லை? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழங்கதை_வாத்தியார் எழுதியது:

நல்ல இழை. கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். முதலிலேயே ஒன்று. ஒரே காரணத்தைத் தேடினால் கிடைக்காது. 'கடல் மக்கள்' என்ற படையெடுப்புக் கூட்டங்கள் வந்து அடித்தார்கள் என்று பழைய பாடநூல்களில் இருக்கும். எகிப்து மன்னன் மூன்றாம் ராம்செஸ் தன் எட்டாம் ஆட்சியாண்டில் அவர்களை வென்றதாக மெதினெத் ஹாபு கோயில் சுவரில் பெரிதாகச் செதுக்கியும் வைத்திருக்கிறான். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே பஞ்சம் இருந்தது. எகிப்து மன்னன் மெர்னெப்தா ஹிட்டைட் நாட்டை உயிரோடு வைக்கத் தானியம் அனுப்பியதாகக் கல்வெட்டில் சொல்கிறான். ஹிட்டைட் அரசிடமிருந்து உகாரித்துக்குப் போன கடிதம் ஒன்றில் சுமார் 450 டன் தானியம் ஏற்றக் கப்பல் கேட்கிறார்கள். சாவா வாழ்வா என்ற நிலை, தாமதிக்காதே என்று எழுதியிருக்கிறது.

இதோடு ஒரு புதிய தகவலையும் சேர்க்க வேண்டும். துருக்கியில் கோர்டியன் என்ற இடத்தில் கிடைத்த பழைய ஜூனிபர் மரங்களின் வளையங்களை ஆராய்ந்து 2023-ல் ஒரு கட்டுரை வந்தது. கி.மு. 1198 முதல் 1196 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கடுமையான வறட்சி என்கிறார்கள்.

ஹிட்டைட்டுகள் முன்யோசனை இல்லாதவர்கள் கிடையாது. ஹட்டுசாவில் நிலத்துக்கு அடியில் பெரிய பெரிய தானியக் குழிகள் வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு வருடம் மழை பொய்த்தால் குதிரில் இருப்பதைச் சாப்பிடலாம். இரண்டாம் வருடம் விதைநெல்லில் கை வைக்க வேண்டும். மூன்றாம் வருடம் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஹட்டுசாவில் தோண்டியவர்கள் பார்த்ததும் ஏறக்குறைய அதுதான். முக்கியமான கட்டடங்கள் எரிவதற்கு முன்பே காலி செய்யப்பட்டிருந்தன. மன்னர் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகுதான் தீ விழுந்திருக்கிறது.

பின்னலாடைக்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயா, அந்த மூன்றாம் வருடக் கணக்கு நெஞ்சில் தைக்கிறது. நான் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். 2020-ல் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்று ரத்து செய்தார். அந்த வருடத்தை வங்கி ஓவர்டிராஃப்ட் வைத்துச் சமாளித்தோம். அடுத்த வருடம் நூல் விலை ஏறியது. சேமிப்பில் கை வைத்தோம். அதற்கடுத்து அமெரிக்கா, ஐரோப்பாவில் கடைக்காரர்களிடம் பழைய சரக்கு தேங்கி ஆர்டர் படுத்துவிட்டது. ஒவ்வொரு அடியும் தனியாக வந்திருந்தால் தாங்கியிருப்போம். எங்களைச் சுற்றி மூடிய யூனிட்களில் பல முதல் வருடத்தில் மூடவில்லை, மூன்றாம் வருடத்தில்தான் மூடின.

ஆனால் கேட்கிறேன். இருப்பு வைத்துக்கொள் என்று சொல்வது சுலபம். கிடங்கு வாடகை, வங்கி வட்டி, மாறும் ஃபேஷன், எல்லாவற்றுக்கும் யார் பணம் கொடுப்பார்கள்? போட்டிக்காரன் இருப்பு வைக்காமல் பத்து ரூபாய் குறைத்துக் கொடுக்கிறான். ஆர்டர் அவனுக்குப் போகிறது.

செப்புப்பாளம் எழுதியது:

எல்லாவற்றுக்கும் இருப்பு வைக்க வேண்டாம் அண்ணே. எது வராவிட்டால் லைன் நிற்குமோ அதற்கு மட்டும் வைக்கலாம். இருப்பே இல்லாமல் ஓட்டும் முறைக்குப் பேர்போனது டொயோட்டா. 2011 நிலநடுக்கத்தில் ஜப்பான் அடிபட்டபோது எந்தெந்தப் பாகம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று கீழ்மட்ட சப்ளையர் வரை போய்ப் பட்டியல் எடுத்தார்கள். அப்புறம் சிப் போன்ற சிலவற்றை மட்டும் சில மாதத்துக்கு இருப்பு வைக்கச் சப்ளையர்களிடம் சொன்னார்கள். 2021 தொடக்கத்தில் மற்ற கார் கம்பெனிகள் சிப் இல்லாமல் லைனை நிறுத்தியபோது இவர்கள் ஓட்டினார்கள். அதுவும் எல்லையில்லாமல் தாங்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது. ஆனாலும் கையில் சில மாதம் கிடைத்தது, அந்தச் சில மாதம் பெரிய காசு.

வெண்கலத்துக்கு வெள்ளீயம் அப்படிப்பட்ட பொருள். எடையில் பத்தில் ஒரு பங்கு, அது இல்லாவிட்டால் மீதி ஒன்பது பங்கும் வெறும் செம்பு.

பழங்கதை_வாத்தியார் எழுதியது:

வெள்ளீயம் நின்றதால்தான் எல்லாம் விழுந்தது என்று மட்டும் போய்விடாதீர்கள். பைலோஸ் பலகைகளில் கொல்லர்கள் பட்டியல் இருக்கிறது. மொத்தம் நானூறு பேர் அளவுக்கு இருந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பலர் பெயருக்கு எதிரே உலோக ஒதுக்கீடு இல்லை என்ற குறிப்பு. இன்னொரு பலகையில் ஈட்டி, வேல் முனைகளுக்காக மாவட்ட அதிகாரிகளிடமிருந்து வெண்கலம் வசூலிக்கிறார்கள். கோயில்களில் இருந்த வெண்கலம் அது என்று பலர் படிக்கிறார்கள். தட்டுப்பாட்டின் அடையாளம் என்று ஒரு தரப்பு. வழக்கமான ஆண்டு வரி என்று இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் இடமிருக்கிறது.

அந்தப் பலகைகள் நமக்குக் கிடைத்ததே தீயால்தான். சுடாத களிமண்ணில் எழுதி, ஆண்டுக் கணக்கு முடிந்ததும் கரைத்துவிடுவது வழக்கம். சுமார் கி.மு. 1180-ல் அரண்மனை எரிந்தபோது அந்த ஆண்டின் பலகைகள் வெந்து கெட்டியாகிவிட்டன. ஆகவே நம் கையில் இருப்பது கடைசி வருடத்துக் கணக்கு. அதில் கடற்கரைக் காவலுக்கு சுமார் 800 பேரைப் பிரிவு பிரிவாக நிறுத்திய பட்டியலும் இருக்கிறது. கடல் பக்கமிருந்து ஆபத்து வரலாம் என்று அரண்மனைக்கு ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. தெரிந்துதான் இருந்தார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நான் கம்பெனிகளுக்கு இஆர்பி (கணக்கு, இருப்பு, கொள்முதல் எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கும்) மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்கு இந்தக் கதையில் தானியத்தையும் உலோகத்தையும் விட எழுத்து போனதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்தக் கிரேக்க அரண்மனைப் பலகைகளில் இருக்கும் எழுத்துக்கு லீனியர் பி என்று பெயர். 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்பவர் அதைப் படித்துவிட்டார். படித்துப் பார்த்தால் முழுக்கக் கணக்கு. ஆடு இத்தனை, கம்பளி இத்தனை, தேர்ச்சக்கரம் இத்தனை, அதில் உடைந்தது இத்தனை. ஒரு கடிதம் கிடையாது, பாட்டு கிடையாது, கடைக்காரர் எழுதிய சீட்டு கிடையாது. பைலோஸில் கையெழுத்தை வைத்துப் பிரித்தால் முப்பது பேர் அளவுக்குத்தான் எழுதியிருக்கிறார்கள். எழுத்து அரண்மனை வேலைக்கு மட்டும் இருந்தது. அரண்மனை போனதும் எழுத்துக்கு வேலையில்லை, எழுதத் தெரிந்தவருக்கும் வேலையில்லை. கிரேக்கர்கள் மறுபடி எழுத ஆரம்பித்தது கி.மு. 8-ஆம் நூற்றாண்டு வாக்கில், அதுவும் இன்றைய லெபனான் கரையில் இருந்த ஃபினீஷியரிடம் வாங்கிய வேறு எழுத்தில். நானூறு ஆண்டு இடைவெளி!

இதை நான் வேலை பார்க்கும் இடங்களில் அன்றாடம் காண்கிறேன். ஒரு சாயப் பட்டறையில் எந்த நிறத்துக்கு எந்த அளவில் ரசாயனம், எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்பதெல்லாம் ஒரே ஒரு மாஸ்டரின் நோட்டில் இருந்தது. முதலாளியின் மகனே அந்த நோட்டைத் திறந்து பார்த்ததில்லை. மாஸ்டருக்கு உடம்பு முடியாமல் போனபோது அந்த நோட்டு கைக்கு வந்தும் பயனில்லை, அவர் போட்டிருந்த சுருக்கக் குறிகள் வேறு யாருக்கும் புரியவில்லை. வாடிக்கையாளர் கேட்ட பழைய நீலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியவே இல்லை. கணினியில் ஏற்றினால் மட்டும் தீராது. எத்தனை பேர் அதைத் தினமும் தம் வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பாருங்கள். ஆபரேட்டர், ஹெல்பர், அக்கவுண்டன்ட் மூன்று பேரும் பார்க்கிற தகவல் ஆள் மாறினாலும் நிற்கும்.

கூலிக்கணக்கு எழுதியது:

எல்லாரும் சரக்கைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் பேசுகிறீர்கள். கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை. தொழிற்சங்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன்.

மேலே வாத்தியார் சொன்ன அதே மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டு, சுமார் கி.மு. 1157. மன்னர்களுக்குக் கல்லறை குடைந்து ஓவியம் தீட்டும் கைவினைஞர்கள் டெய்ர் எல்-மதீனா என்ற ஊரில் குடும்பத்தோடு இருந்தார்கள். அவர்கள் சம்பளம் தானியம். அது வரவில்லை. மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு காவல் சுவர்களைக் கடந்து வெளியே வந்து ஒரு கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். உடுக்கத் துணியில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்கு எழுதி அனுப்புங்கள் என்றார்கள். எழுத்தர் ஒருவர் நாள் வாரியாக எழுதி வைத்த பாப்பிரஸ் இத்தாலியில் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

நைல் நதிக்கு அதே மேற்குக் கரையில், நடந்து போகிற தூரத்தில்தான் அந்த மெதினெத் ஹாபு. சுவர் முழுக்க வெற்றிச் சிற்பம். உள்ளே கோயிலுக்கென்று வரிசையாகத் தானியக் கிடங்குகள். வெளியே அந்தக் கல்லறைகளைக் கட்டியவர்கள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஒரு காட்சி போதும், அந்த அரசாங்கத்தின் உண்மையான நிலைமை தெரிய. சுமார் ஐம்பது ஆண்டு கழித்து, ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில், கல்லறைக் கொள்ளை வழக்குகள் நடக்கின்றன. அதே ஊர்த் தொழிலாளர்கள் சிலரே அதில் மாட்டினார்கள். கல்லறைக்குள் வழி தெரிந்தவர்கள் அவர்கள்தானே.

ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட் வருவதற்குப் பல மாதம் முன்பே அதன் நிலைமை தெரிந்துவிடும். சம்பளத் தேதி ஏழாம் தேதியிலிருந்து பத்தாகும், பத்திலிருந்து பதினைந்தாகும். பி.எஃப். பணம் பிடித்தம் செய்வார்கள், கட்டமாட்டார்கள். அதே மாதத்தில் அலுவலக வாசலுக்குப் புது கிரானைட் போடுவார்கள்.

பின்னலாடைக்காரன் எழுதியது:

தோழர் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். சம்பளத்தைத் தள்ளிப்போட்டு வங்கித் தவணையைக் கட்டிய யூனிட்களில் நல்ல தையல்காரர்கள்தான் முதலில் போனார்கள். ஆர்டர் திரும்ப வந்தபோது தைக்க ஆளில்லை.

கிழக்குக்கரை எழுதியது:

இந்த ஒப்பீட்டின் அடிப்படையே எனக்குச் சரியாகப் படவில்லை. அரண்மனை விழுந்தால் யாருக்கு நஷ்டம்? பைலோஸ் பலகைகளில் சுமார் 750 பெண்களும் அவர்கள் குழந்தைகளும் வருகிறார்கள். நூற்பவர்கள், நெய்பவர்கள், மாவு அரைப்பவர்கள். கூலியாகத் தானியமும் அத்திப்பழமும். லெம்னோஸ், மிலேட்டஸ், நிடோஸ் என்று கடலுக்கு அப்பாலுள்ள ஊர்ப் பெயர்களால் சில குழுக்களைக் குறித்திருக்கிறார்கள். பிடித்தோ விலைக்கு வாங்கியோ கொண்டுவந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் அந்தத் தீ நாகரிகத்தின் அழிவா? இதைப் 'பிசினஸ் பாடம்' என்று எழுதும்போது நாம் எப்போதும் மன்னன் நாற்காலியில்தான் உட்கார்ந்துகொள்கிறோம்.

இன்னொன்று. கம்பெனி மூடினால் ஆட்கள் வேறு கம்பெனிக்குப் போவார்கள். இயந்திரம் ஏலத்துக்குப் போகும். அது சந்தையில் நடக்கிற காரியம். நாகரிகத்தின் சரிவு வேறு.

பழங்கதை_வாத்தியார் எழுதியது:

முதல் பாதி மிக நியாயமான கேள்வி. ஆனால் அரண்மனை எரிந்ததும் அந்தப் பெண்கள் விடுதலையாகி நன்றாக இருந்தார்கள் என்று சொல்லவும் முடியாது. பைலோஸைச் சுற்றியுள்ள மெசீனியா பகுதியில் நிலப்பரப்பு ஆய்வு செய்தவர்கள், சரிவுக்குப் பிறகு குடியிருப்புகளின் எண்ணிக்கை பெரும் வீழ்ச்சி அடைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். மேலே இருந்தவர்கள் ஹட்டுசாவிலிருந்து போனதுபோல் மூட்டை கட்டிப் போயிருப்பார்கள். கீழே இருந்தவர்கள்தான் செத்தார்கள், சிதறினார்கள். ஒரே முதலாளியை நம்பிய ஊரில் அந்த ஆலை மூடும்போது நடப்பதும் இதுதான். ஆட்கள் வேறு கம்பெனிக்குப் போவார்கள் என்பது பக்கத்தில் வேறு கம்பெனி இருக்கும்போது மட்டும்.

செப்புப்பாளம் எழுதியது:

உகாரித்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையடையாது. அந்த ஊரின் கடைசி மன்னன் அம்முராபி. பாபிலோனின் ஹம்முராபி வேறு. அலாஷியா, அதாவது சைப்ரஸ் மன்னனுக்கு அவன் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. எதிரியின் கப்பல்கள் வந்து என் ஊர்களை எரித்துவிட்டன, என் படை எல்லாம் ஹிட்டைட் நாட்டில் இருக்கிறது, என் கப்பல்கள் எல்லாம் லுக்கா நாட்டில் (துருக்கியின் தென்மேற்குக் கரை) நிற்கின்றன, இன்னும் திரும்பவில்லை, நாடு அப்படியே கேட்பாரற்றுக் கிடக்கிறது என்கிறான். வந்த எதிரிக் கப்பல்கள் எத்தனை என்றும் சொல்கிறான். ஏழு.

ஏழு கப்பலைச் சமாளிக்க வசதியில்லாத ஊர் இல்லை உகாரித். கப்பலும் பணமும் ஏராளமாக இருந்த ஊர். எல்லாவற்றையும் மேலதிகாரியான ஹிட்டைட் மன்னனுக்குக் கொடுத்துவிட்டான். கொடுக்காமலும் இருக்க முடியாது, ஒப்பந்தம் அப்படி. அந்த ஊர் அப்புறம் நகரமாக எழவே இல்லை. 1928-ல் ஒரு விவசாயியின் ஏர்முனை கல்லறை ஒன்றில் இடிக்கும்வரை அது எங்கே என்றே தெரியாது.

நம் வட்டாரத்தில் பெரிய கம்பெனி ஒன்றுக்கு மட்டும் பாகம் செய்து கொடுக்கும் சிறு யூனிட்களுக்கு இதுதான் நிலைமை. அவர்கள் அச்சு (டை), அவர்கள் டிராயிங், அவர்கள் சொல்லும் விலை, 90 நாள் 120 நாள் கழித்துப் பணம். உன் திறனில் நூறு சதவீதமும் எனக்கே வேண்டும் என்பார்கள். கொடுத்துவிட்டால் உன் வாசலில் ஏழு கப்பல் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. கொள்முதல் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பல வருடம் பார்த்த பிறகு சொல்கிறேன். சப்ளையரைக் காய வைத்தால் வாங்குகிறவனும் சேர்ந்து காய்வான். ஹிட்டைட் மன்னனுக்கும் கடைசியில் தானியக் கப்பல் கொடுக்க உகாரித் இல்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அப்படியானால் யார் தப்பித்தார்கள், எப்படி என்பதையும் பேச வேண்டும்.

பழங்கதை_வாத்தியார் எழுதியது:

ஃபினீஷியக் கரை. தீரு, சீதோன், பிப்லோஸ். அவர்களுக்கு அடி குறைவாக விழுந்திருக்கலாம், அதிர்ஷ்டமும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். சுமார் கி.மு. 1075-ல் நடப்பதாக ஒரு பாப்பிரஸ் இருக்கிறது. உண்மை அறிக்கையா, புனைந்ததா என்று இன்றும் விவாதம் உண்டு. வெனாமுன் என்ற எகிப்தியக் கோயில் அதிகாரி தேவதாரு மரம் வாங்க பிப்லோஸ் போகிறார். உன் அப்பா கொடுத்தார், தாத்தா கொடுத்தார், நீயும் கொடு என்கிறார். பிப்லோஸ் மன்னன் ஸகர்பால் தன் முன்னோர் காலத்துக் கணக்கேடுகளைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துக் காட்டுகிறான். அவர்கள் சும்மா கொடுக்கவில்லை, எகிப்து ஆறு கப்பல் சரக்கு அனுப்பிய பிறகுதான் கொடுத்தார்கள், நான் உன் வேலைக்காரனும் இல்லை, உன்னை அனுப்பியவரின் வேலைக்காரனும் இல்லை என்கிறான். கடைசியில் முன்பணம் போல ஏழு மரத்தை மட்டும் அனுப்புகிறான். எகிப்திலிருந்து தங்கம், வெள்ளி, 500 மாட்டுத்தோல், 500 கயிறு, 20 மூட்டை பருப்பு, 30 கூடை மீன் வந்து இறங்கிய பிறகே மீதி மரத்தை வெட்ட ஆட்களை அனுப்புகிறான்.

முந்நூறு ஆண்டுக்கு முன் அதே பிப்லோஸ் மன்னர்கள் எகிப்து மன்னனுக்குக் காலில் விழுந்து கடிதம் எழுதியவர்கள். பெரிய வாடிக்கையாளர் மெலிந்ததும், கணக்கை எடுத்துப் போட்டு ரொக்க வியாபாரத்துக்கு மாறிவிட்டார்கள்.

கிழக்குக்கரை எழுதியது:

இரும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெண்கலம் போனதும் இரும்பு வந்து ஜெயித்தது என்று தொழில் மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். அப்படி ஒரே நாளில் நடக்கவில்லை. ஆரம்பத்து இரும்பு நல்ல வெண்கலத்தைவிடப் பெரிதாக ஒன்றும் உசத்தி இல்லை. ஆனால் இரும்புத் தாது பல இடங்களில் கிடைக்கும், அரண்மனையும் கப்பல் கூட்டமும் இல்லாமல் ஓர் ஊர்க் கொல்லனே உருக்கலாம். சைப்ரஸ் கொல்லர்கள் வெண்கலத்தையும் விடாமல், இரும்புக் கத்தியும் செய்து பழகி வந்தார்கள்.

பின்னலாடைக்காரன் எழுதியது:

சைப்ரஸிலும் ஊர்கள் எரிந்தன என்றுதானே படித்தேன்? அவர்கள் எப்படி எழுந்தார்கள் ஐயா?

பழங்கதை_வாத்தியார் எழுதியது:

எரிந்தன. ஆனால் கிரேக்கத்தைப் போல எல்லாம் ஓர் அரண்மனைக்குள் அடங்கி இருக்கவில்லை. என்கோமி, கிட்டியன் போன்ற துறைமுக ஊர்களில் செம்பு உருக்கும் பட்டறைகள் ஊருக்குள்ளேயே இருந்தன. அடிபட்ட ஊர்களில் சிலவற்றைக் கைவிட்டார்கள், என்கோமியையும் கிட்டியனையும் திரும்பக் கட்டினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் போனதும் பக்கத்துக் கரைகளோடு சிறிய அளவில் வியாபாரம் செய்தார்கள். சில தலைமுறைக்குப் பின் என்கோமித் துறையில் மண் சேர்ந்து கப்பல் வர முடியாமல் போனது. அங்கிருந்த மக்கள் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. சில கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் சலமிஸ் என்ற புது ஊரைக் கட்டிக் குடிபோனார்கள்.

பின்னலாடைக்காரன் எழுதியது:

நன்றி ஐயா. என் ஆர்டரில் எழுபது சதவீதம் ஒரே வாடிக்கையாளருடையது. அடுத்த சீசனுக்கு அவர் கேட்கிற முழு அளவையும் ஒப்புக்கொள்ளாமல் இரண்டு லைனை ஒதுக்கிவைத்து உள்நாட்டு பிராண்டுக்குத் தைக்கலாம் என்று இருக்கிறேன். லாபம் குறையும், பணம் 45 நாளில் வரும். செப்புப்பாளம் தம்பி, டொயோட்டா செய்ததுபோல் சப்ளையர் பட்டியல் எடுக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகத் தனி இழையில் எழுதுங்கள். நூல், சாயம், ஜிப், பெட்டி நான்குக்கும் நானும் எடுத்துப் பார்க்கிறேன்.